குட்டியோட மூளையில எது முதல்ல முழிக்குது? ஏற்காட்டுக் குளிருக்குத் தெரிஞ்சுக்க வேண்டியது

வணக்கம்ங்க. மார்கழி, தை வந்தா ஏற்காட்டுல ராத்திரி பிறக்குற ஆட்டுக்குட்டி விடியறதுக்குள்ள விறைச்சுப் போகுது. "குளிர் தாங்கல"ன்னு சொல்லி விட்டுடறோம். அது பாதிதாங்க உண்மை. குட்டியோட மூளையில எந்தப் பாகம் பிறக்கும்போதே தயாரா இருக்கு, எது தடுமாறுதுன்னு தெரிஞ்சா நிறையக் குட்டியக் காப்பாத்தலாம்.

முதல்ல மூச்சு. மூளைத்தண்டுல முகுளம்னு ஒரு பகுதி. மூச்சோட தாளத்தைப் போடுற சின்ன நரம்புக்கூட்டம் அதுக்குள்ளதான் இருக்குன்னு 1991ல கண்டுபிடிச்சாங்க. வயித்துக்குள்ள இருக்கும்போதே குட்டி அப்பப்ப மூச்சு விடுற மாதிரி நெஞ்சை அசைக்கும். ஆனா நஞ்சுக்கொடில இருந்து வர்ற சில பொருள்கள் அந்தத் தாளத்தை அமுக்கி வெச்சிருக்கும். தொப்புள்கொடி அறுந்ததும் அந்தப் பொருள்கள் வர்றது நிக்குது, ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறுது, ஈர உடம்புல குளிர்காத்து படுது. எல்லாம் சேர்ந்து தாளத்தைக் கிளப்பிவிடுது. அதனாலதான் சாக்கை வெச்சு நெஞ்சை அழுத்தித் தேய்க்கிறதும், வைக்கோல் குச்சியால மூக்குத் துவாரத்தைக் கிளறுறதும் வேலை செய்யுது. பின்னங்காலைப் பிடிச்சுச் சுத்தாதீங்க. அப்ப வழியிற தண்ணி பெரும்பாலும் வயித்துல இருந்து வர்றது. குடல் வேற உதரவிதானத்து மேல சாஞ்சு மூச்சை அடைக்கும்.

அடுத்தது சூடு. இதுலதான் கோட்டை விடுறோம். உடம்புச் சூட்டைப் பார்த்துக்குறது மூளையோட அடியில இருக்குற ஹைப்போதலாமஸ்ங்கிற சின்னப் பகுதி. ஆட்டுக்குட்டிக்கு அது பிறந்த உடனே வேலை செய்யும். தசையை நடுங்க வைக்கும், சிறுநீரகத்தைச் சுத்தி இருக்குற பழுப்புக் கொழுப்பை எரிக்கச் சொல்லி நரம்பு வழியா உத்தரவு போடும். ஆனா உத்தரவு போனாலும் எரிக்கக் கொழுப்பு வேணும்ல? அந்த இருப்பு கொஞ்சம்தான். தீர்றதுக்குள்ள சீம்பால் போகணும். 2 கிலோ குட்டிக்கு ஒரு தடவைக்கு 100 மில்லி, முதல் 2 மணி நேரத்துக்குள்ள.

இப்ப இந்தக் குட்டியப் பாருங்க. சேலம் கருப்புங்கிற வெள்ளாட்டு இனம், பிறந்து கொஞ்ச நேரம்தான் ஆகுது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனையில தேங்காயெண்ணெய் தடவி, ஆசனவாய்க்குள்ள ரெண்டு சென்டிமீட்டர் விட்டு, லேசா ஒரு பக்கம் சாய்ச்சுச் சுவரைத் தொட வைக்கிறேன். சாணிக்குள்ள குத்திட்டா அளவு குறைச்சுக் காட்டும். 39.4 டிகிரி செல்சியஸ். நல்லாருக்கு. 39ல இருந்து 40 வரைக்கும் சரி. 39க்குக் கீழ போனா துவட்டி, சீம்பால் குடுத்து, தாயோட காத்து அடிக்காத இடத்துல விடுங்க. 37க்குக் கீழன்னா ஆபத்து.

இப்ப வாய்க்குள்ள விரலை விடுறேன், நல்லா இழுக்குது. சப்புறதும் மூளைத்தண்டு வேலைதான். உடம்பு சில்லுன்னு ஆனா அது படுத்துடும். அந்த நிலையில பாட்டிலைத் திணிச்சா பால் நுரையீரலுக்குப் போயிடும்.

37க்குக் கீழ இருந்தா வயசைப் பாருங்க. பிறந்து 5 மணி நேரத்துக்குள்ளன்னா முதல்ல சூடேத்துங்க, அப்புறம் பால். 5 மணி தாண்டிப் பால் குடிக்காத குட்டின்னா நேரா பல்புக்கு அடியில வெச்சுடாதீங்க. அதுக்கு ரத்தத்துல சர்க்கரை தீர்ந்திருக்கும். சூடு ஏற ஏற உடம்பு இருக்குற கொஞ்சநஞ்சத்தையும் எரிச்சுடும், மூளைக்கு எதுவும் மிஞ்சாது, வலிப்பு வந்து போயிடும். முதல்ல 20 சதவீத குளுக்கோஸ், கிலோவுக்கு 10 மில்லி, உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி வயித்தறைக்குள்ள ஊசியா போகணும். அதை கால்நடை டாக்டர்தான் போடணும், கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு ஃபோன் அடிங்க. அப்புறம்தான் சூடேத்துற பெட்டி. பெட்டிக்குள்ள காத்து 35ல இருந்து 37 டிகிரி போதும், அரை மணிக்கு ஒருதரம் அளந்து பாருங்க. 37 தாண்டினதும் நிறுத்திட்டு சீம்பால். விறகு மூட்டி பக்கத்துல கிடத்துறது வேண்டாம், புகை மூச்சைக் கெடுக்கும்.

கோழிக்குஞ்சு வேற கணக்கு. சூட்டைப் பிடிச்சு வெக்கவே அதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும். முதல் வாரம் குஞ்சு இருக்குற இடத்துல 35 டிகிரி சூடு, அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி குறைச்சுட்டு வாங்க.

நாய்க்குட்டி விஷயத்துல ஆட்டை மனசுல வெச்சுக்கிட்டு பண்ணா தப்பாயிடும். ஆட்டுக்குட்டிக்கு மூளை வளர்ச்சி பெரும்பகுதி வயித்துக்குள்ளயே முடிஞ்சுடும், நாய்க்குட்டிக்கு வெளிய வந்துதான் நடக்குது. முதல் வாரம் நடுங்கக்கூட வராது. தெருவுல கிடந்த குட்டியத் தூக்கிட்டு வந்தா உடனே பால் ஊத்தாதீங்க. உடம்பு 34 டிகிரிக்கு இறங்கியிருந்தா குடல் நின்னு போயிருக்கும், பால் அங்கயே தேங்கிப் புளிச்சுடும். ரெண்டு மூணு மணி நேரம் எடுத்து மெதுவா சூடேத்துங்க. முதல் வாரம் பெட்டி 29ல இருந்து 32 டிகிரி.

தாயில்லாத நாய்க்குட்டிய வளர்க்குறவங்க "நல்லா குடிக்குது, வயிறு மட்டும் உப்புது"ன்னு சொல்றாங்க. மூத்திரம் வெளிய போகாம இருக்கான்னு பாருங்க. மூத்திரத்தைப் பிடிக்கவும் விடவும் மூளைத்தண்டுல ஒரு மையம் இருக்கு, 1925லயே பூனையில காட்டிட்டாங்க. நாய்க்குட்டிக்கு அந்த இணைப்பு இன்னும் கைக்கு வரல. இப்போதைக்கு அது தண்டுவடத்தோட வேலை, தாய் நக்கினா மட்டும் திறக்கும். தாய் இல்லன்னா ஒவ்வொரு தடவை பால் குடுக்கும்போதும் வெந்நீர்ல நனைச்ச பஞ்சால அடியில மெதுவா தடவுங்க, சொட்டு நிக்கிற வரைக்கும். அழுத்தித் தேய்ச்சா தோல் புண்ணாயிடும். சுமார் மூணு வாரம் இப்படிப் பண்ணணும். விரிப்புல தானா ஈரம் தெரிய ஆரம்பிச்சா பஞ்சை நிறுத்திக்கலாம்ங்க.