கிரீஸ் கன்னைக் கீழே வையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சுற்றும் கட்டரால் இரும்பைச் செதுக்கும் பழைய மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கி, வீட்டுப் பின்கட்டில் நிறுத்தி, தானே செப்பனிட்டு வேலை பழக நினைப்பவர்களுக்காக இன்று பேசுகிறேன். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்ட பழக்கம் இருந்தாலே நான் சொல்வது பிடிபடும்.

1938-இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் உருவான வகையை எடுத்துக்கொள்வோம். ருடால்ப் பன்னோ, மாக்னஸ் வால்ஸ்ட்ராம் என்ற இருவர் முதலில் தலைப்பகுதியை மட்டும், பிறர் மெஷின்களில் மாட்டிக்கொள்ளும்படி செய்து விற்றார்கள். முழு மெஷின் பிறகு வந்தது. நம் பட்டறைகளில் எம்1டிஆர் என்பார்களே, அதுவும் இந்த அமைப்புதான். கனமான தூண், மேலே சாய்க்கக்கூடிய தலை, முன்னால் ஏறி இறங்கும் 'நீ' என்ற தாங்கி, அதன்மேல் முன்பின் நகரும் சேடில், சேடில்மேல் இடம்வலம் ஓடும் நீளமான டேபிள்.

டேபிள் சறுக்கி ஓடுகிறதே, அது இரும்பின்மேல் இரும்பு. நடுவில் பேரிங் கிடையாது, மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். அது வற்றினால் இரும்பை இரும்பு தின்னும். பழைய மெஷினில் இந்த எண்ணெய் வழியை முதலில் பாருங்கள். பெயின்ட் எல்லாம் அப்புறம்.

அந்த வழியை அடைப்பது பெரும்பாலும் கிரீஸ். சேடிலின் பக்கத்தில் இருக்கும் நிப்பிள் பார்ப்பதற்கு லாரியில் இருக்கும் கிரீஸ் நிப்பிள் மாதிரியே இருக்கும். யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு கிரீஸ் கன்னை வைத்து அடித்திருப்பார். கிரீஸ் என்பது என்ன? எண்ணெயைச் சோப்பு போன்ற ஒரு பொருளில் பிடித்து வைத்தது. நாளாக ஆக எண்ணெய் கசிந்து போய்விடும், சோப்பு தங்கிவிடும். டேபிளைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் தெரியும்: எண்ணெய் ஓட வேண்டிய காடி முழுக்க, பழைய மெழுகு மாதிரி, கறுப்பாக, நகத்தால் கீறினால் சுருளாக வரும். அதற்குள் பொடி இரும்புத்தூள் மின்னும். எண்ணெய் வரவில்லை என்பதோடு போகாமல், அந்தத் தூள் உப்புத்தாள் மாதிரி டேபிளைத் தேய்த்துக்கொண்டும் இருக்கிறது. அதனால் திரும்பவும் சொல்கிறேன், சறுக்குப் பாதைக்குக் கிரீஸ் வேண்டாம். ஸ்லைட்வே ஆயில், 68-ஆம் கிரேடு என்று கேட்டு வாங்குங்கள்.

அடைப்பை எடுக்க மண்ணெண்ணெய், மூங்கில் குச்சி, மெல்லிய செம்புக் கம்பி போதும். துளைகளில் கம்பியை விட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி ஓரிரவு ஊறவைத்து, காற்றால் ஊதுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள். சறுக்குப் பாதையில் எமரித் தாள் மட்டும் படக்கூடாது, அதன் மணல் வார்ப்பிரும்பில் பதிந்துகொண்டு பிறகு வேலையைக் காட்டும். துருவுக்கு சவர பிளேடைப் படுக்கப் பிடித்துச் சுரண்டினால் போதும்.

கைப்பம்பு வைத்த மெஷின் என்றால் ஒவ்வொரு குழாயின் முனையிலும் எண்ணெயை அளந்துவிடும் சின்ன மீட்டர் யூனிட் இருக்கும். உள்ளே ஒரு ஃபெல்ட் வடிகட்டி, ஒருவழி வால்வு. அடைத்துவிட்டால் கழுவி மீட்க முடியாது, புதிது போட வேண்டும். மேலே உள்ள நம்பரைக் குறித்துக்கொண்டு அதே நம்பர் வாங்குங்கள். அதை எடுத்துவிட்டு வெறும் குழாயாக விட்டால், சுலபமான வழியில் எல்லா எண்ணெயும் ஓடிவிடும், தூரத்து மூலை பட்டினி கிடக்கும். மாட்டியபின் பம்பை இழுத்து, ஒவ்வொரு இடத்திலும் எண்ணெய் கசிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டேபிளை மேலே வையுங்கள். டேபிள் நூறு கிலோவைத் தொடும், செயின் பிளாக் இல்லாமல் கழற்றத் தொடங்காதீர்கள்.

அடுத்தது ஆட்டம். பழைய பேருந்தில் ஸ்டியரிங் கொஞ்ச தூரம் சும்மா சுற்றுமே, அதுதான் பேக்லாஷ். டேபிளில் டயல் கேஜை, அதாவது நுண்ணிய அசைவை ஊசியால் காட்டும் அளவியை, முட்ட வைத்து, கைப்பிடியை ஒரு பக்கம் திருப்பி ஊசியை நகர்த்துங்கள், பிறகு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். ஊசி அசைவதற்குள் கைப்பிடி எவ்வளவு ஓடுகிறது? 0.1, 0.2 மில்லிமீட்டர் என்றால் பழகிக்கொள்ளலாம். அரை மில்லிமீட்டர் தாண்டினால், டேபிளை ஓட்டும் திருகான லீட் ஸ்க்ரூவின் நட்டை உடனே குறை சொல்லாதீர்கள். டேபிளைக் கையால் தள்ளி இழுத்தால் கைப்பிடிப் பக்கத்து பேரிங்கே முன்பின் ஆடுகிறதா என்று பாருங்கள். பல நேரம் கோளாறு அங்கேதான், அங்கேயுள்ள ஒரு நட்டை இறுக்கினால் சரியாகிவிடும்.

அப்படியும் ஆடினால், அந்த லீட் ஸ்க்ரூவின் நட்டுக்கு வரலாம். ஆனால் ஸ்க்ரூ ஒரே சீராகத் தேயாது. ஜாபைப் பிடிக்கும் வைஸ் எப்போதும் நடுவில்தானே இருக்கும், அதனால் நடுப்பகுதிதான் தேய்ந்திருக்கும். நடுவில் வைத்து நட்டை இறுக்கினால் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் கைப்பிடி லேசாகச் சுற்றும் அளவோடு நிறுத்துங்கள், மிச்ச ஆட்டத்தோடு வேலை செய்யலாம். கட்டர் சுற்றும் திசைக்கு எதிராக ஜாபை ஊட்டுங்கள். அதே திசையில் ஊட்டினால், ஆட்டம் இருக்கிற அளவுக்கு கட்டர் ஜாபை உள்ளே இழுத்து உடைந்துபோகும். சறுக்குப் பாதையின் இடைவெளியை அடைக்கும் ஜிப் பட்டைக்கும் இதே விதிதான், ஓரத்தில் பிடிக்காத அளவோடு இறுக்குங்கள். சாய்வாகச் செதுக்கிய பட்டை அது, திருகால் இறுக்குவது. எந்த முனை எந்தப் பக்கம் என்று குறித்துவிட்டுக் கழற்றுங்கள்.

நேரம் நெருக்குகிறது, கட்டரைப் பிடித்துச் சுற்றும் ஸ்பிண்டில் பற்றி ஒன்று மட்டும். அதன் கூம்பின் உள்ளே டயல் கேஜின் முனையை வைத்துக் கையால் சுற்றுங்கள். ஊசி 0.01 மில்லிமீட்டர் அளவில் மட்டும் அசைந்தால் பேரிங்கைத் தொடாதீர்கள்.

மின்சாரம்: இந்த மெஷினின் மோட்டார் பெரும்பாலும் மூன்று பேஸ், பல வீடுகளில் சிங்கிள் பேஸ்தான் வரும். விஎஃப்டி எனப்படும் சிறிய மின்னணு டிரைவ் ஒன்று வைத்தால் 230 வோல்ட்டில் மூன்று பேஸ் கிடைக்கும். மோட்டாரின் தகட்டில் 230/400 என்று இருந்து, ஆறு வயரும் வெளியே வந்தால் டெல்டாவில் இணைக்கச் சொல்லுங்கள். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் பழைய சுவிட்ச் இருக்கக்கூடாது, ஓடும்போது அதைத் தட்டினால் டிரைவ் போய்விடும்.

தலையை நேராக்குவது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. ஸ்பிண்டிலில் ஒரு கம்பியும் டயல் கேஜும் மாட்டி, டேபிளின்மேல் சுற்றி வரச் செய்யுங்கள். முன்பின், இடம்வலம் நான்கு இடத்திலும் ஊசி ஒரே அளவு காட்ட வேண்டும். தலையின் நான்கு போல்ட்டையும் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்கும்போது ஊசி நகரும், முழுக்க இறுக்கியபின் இன்னொரு சுற்று சுற்றிப் பார்த்துவிடுங்கள். வணக்கம்.