மலாய்க் கம்பத்து வீடும் ஒரு படி உயரமும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம். மலாய்க் கம்பத்து வீட்டில், அதாவது மலாய்க்காரர்களின் கிராமத்து வீட்டில், இடத்தைப் பிரிப்பது சுவரா, பழக்கமா என்பது தலைப்பு. நாங்கள் பழக்கத்தின் பக்கம். எனக்கு முன் பேசிய அக்கா, சுவரும் கதவும் இல்லாமல் பெண்களுக்கு மறைவு ஏது என்று கேட்டார். நியாயமான கேள்வி. சரி, அந்த வீட்டுக்குள் ஏறிப் பார்ப்போம்.

ஆமாம், ஏறத்தான் வேண்டும், வீடு தூண்களின் மேல் நிற்கிறது. முற்றத்துக்கு வேலி கிடையாது, யாரும் குறுக்கே நடந்து போகலாம், ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் படிக்கட்டடியில் இருக்கும் சாடித் தண்ணீரில் கால் கழுவி, செருப்பைக் கழற்றி, சலாம் சொல்லி, உள்ளேயிருந்து பதில் வந்த பிறகுதான் மேலே போவார்கள். அவர்களைக் கீழே நிறுத்தி வைத்தது எந்தச் சுவர்?

மேலே போனால் முதலில் செரம்பி, நம் திண்ணை மாதிரி. வருகிற ஆண்களுக்குப் பாய் அங்கேதான். அதைத் தாண்டினால் ரூமா ஈபு. 'தாய் வீடு' என்று பொருள், வீட்டின் முக்கியப் பகுதிக்கே அந்தப் பெயர்! அதன் தரை செரம்பியைவிடச் சற்று உயரம், அந்த ஒரு படி உயரம்தான் எல்லை. பக்கத்து வீட்டுப் பெண்களோ பின்னால் இருக்கும் டாப்பூர், அதாவது சமையற்கட்டுப் படி வழியாக வந்து, அங்கேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். அக்கா கேட்ட மறைவு இதுதான்.

உள்ளே தடுப்புகள் குறைவு. பகலில் குழந்தைகள் விளையாடும் தரையில்தான் ராத்திரி பாய் விரிப்பார்கள், கல்யாணம் வந்தால் மணமக்களை அதே ரூமா ஈபுவில் அமர்த்துவார்கள். தரையில் உட்காருகிறவருக்கும் காற்று வேண்டுமே என்று சன்னலைத் தரைவரை இறக்கியிருக்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்தது இன்னொன்று. வீட்டுக்காரம்மா இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம், 'டெப்பா', அதை வைத்து வீட்டை அளக்கும் பழைய வழக்கம் இருந்தது.

சுவர்தானே வீட்டைத் தாங்குகிறது என்று எதிரணி சொல்லலாம். தாங்குவது தூண். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் 1908இல் முடிந்த செரி மெனாந்தி பழைய அரண்மனை 99 தூண்களில், ஆணியில்லாமல் மரத்தோடு மரம் பொருத்திக் கட்டியது.

அப்புறம், இடம் மாற வேண்டும் என்றால் ஊரே கூடி வீட்டைத் தோளில் தூக்கிப் போவார்கள். புது இடத்தில் இறக்கி வைத்த பிறகு வருகிற முதல் விருந்தாளியும் படிக்கட்டடியில் நின்று சலாம் சொல்வார். நடுவர் அவர்களே, அவர் அங்கே நிற்பதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.