ஆக்சைடு படலத்துல கரண்ட் எங்க ஒழுகுது?

வணக்கம். மேஜை மேல ரெண்டு அலுமினியத் துண்டு இருக்கு. ஒண்ணு 99.99 சதவீதம் தூய்மையானது. இன்னொண்ணு சப்பாத்தி சுத்துற ஃபாயில், 8011-னு சொல்ற கலவை. அதுல இரும்பே 0.6-லேர்ந்து 1 சதவீதம் வரைக்கும் இருக்கும், சிலிக்கான் 0.5-லேர்ந்து 0.9. பார்த்தா வித்தியாசம் தெரியாது. ரெண்டையும் 50 வோல்ட் வரைக்கும் ஆனோடைஸ் பண்ணி, அதாவது கரைசல்ல வச்சு மின்சாரம் செலுத்தி மேல ஆக்சைடு படலம் வளர்த்து, அந்தப் படலம் தடுக்க முடியாம ஒழுகவிடற லீக்கேஜ் கரண்டை அளந்தா தெரிஞ்சிடும்.

முதல்ல கரைசல். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர்ல போரிக் அமிலம் 31 கிராம், வெங்காரம் (போராக்ஸ்) 19 கிராம். தண்ணியைச் சூடாக்கிட்டுப் போடுங்க, இல்லைன்னா போரிக் அமிலம் கரையுறதுக்குள்ள பொறுமை போயிடும். கேரம் போர்டு பவுடரும் போரிக் அமிலம்தானேன்னு கேப்பீங்க. கூட என்ன கலந்திருக்காங்கன்னு தெரியாத பொருளை வச்சு அசுத்தத்தைச் சோதிக்க முடியாதுங்க. குழாய்த் தண்ணி வேண்டவே வேண்டாம், அதுல இருக்குற குளோரைடு படலத்தைக் குத்திக் குழி பறிச்சிடும். கந்தக அமிலமும் இதுக்கு ஆகாது, துளைத் துளையா படலம் வளரும். நமக்கு வேண்டியது அடைசலான, மெல்லிசான படலம்.

துண்டோட வெட்டு விளிம்புலயும், தண்ணி மட்டம் வர்ற கோட்டுலயும் நெயில் பாலிஷ் பூசிக்கங்க. நடுவுல 2 சென்டிமீட்டருக்கு 2.5 திறந்திருக்கட்டும், ரெண்டு பக்கமும் சேர்த்து 10 சதுர சென்டிமீட்டர். பிளஸ் இதுக்கு, மைனஸ் ஒரு பெரிய அலுமினியத் தகட்டுக்கு. கிளிப் கரைசலைத் தொடவே கூடாது, தொட்டா கரண்ட் எல்லாம் அது வழியாப் போயிடும். 30 வோல்ட் சப்ளை ரெண்டை சீரிஸ்ல போட்டு, கரண்ட் லிமிட்டை 10 மில்லி ஆம்பியர்ல வையுங்க. கை ஈரமா இருந்தா எதையும் தொடாதீங்க.

இப்ப வோல்ட் மீட்டரைப் பாருங்க. தூய்மையான துண்டுன்னா ஏறக்குறைய 2 நிமிஷத்துல 50-ஐத் தொடணும். ஒரு வோல்ட்டுக்கு 1.3 நானோமீட்டர் கணக்குல 65 நானோமீட்டர் படலம். சமையல் ஃபாயில் இதைவிட மெதுவாத்தான் ஏறும், மேல குட்டிக் குட்டியா குமிழும் வரும். அதுதான் இந்த விஷயத்தோட மையம். அயனிகள் சுமக்குற கரண்ட் ஆக்சைடை வளர்க்கும். எலக்ட்ரான் கரண்ட் எதையும் வளர்க்காது, ஆக்சிஜன் வாயுவா வீணாப் போகும்.

50-ல 20 நிமிஷம் நிறுத்துங்க. பலர் இங்கேயே கரண்டைக் குறிச்சுட்டு ‘லீக்கேஜ் இவ்வளவு’ன்னு சொல்லிடறாங்க. அது தப்பு, அதுல அயனி கரண்டும் கலந்திருக்கு. அயனி கரண்ட் மின்புலத்தோட அடுக்குக்குறி வேகத்துல ஏறும்னு 1934-லேயே குந்தர்ஷுல்ட்சே, பெட்ஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் காட்டிட்டாங்க. அதனால 40 வோல்ட்டுக்கு இறக்கினாலே அது நூறு மடங்குக்கும் மேல விழுந்துடும். மிஞ்சி நிக்கிறதுதான் எலக்ட்ரான் கரண்ட். இந்தக் கட்டத்துலதான் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை சீரிஸ்ல போடணும். முன்னாடியே போட்டா 10 மில்லி ஆம்பியர் ஓடறப்ப அதுவே 100 வோல்ட் கேக்கும். ரெசிஸ்டர் மேல 10 மில்லிவோல்ட் தெரிஞ்சா 1 மைக்ரோ ஆம்பியர். இறக்கின உடனே மீட்டர் மைனஸ் காட்டலாம், படலம் மின்தேக்கி மாதிரி திருப்பிக் கொடுக்குது. 10 நிமிஷம் விட்டுட்டு மீட்டரைப் படிங்க.

ஃபாயில்ல இருக்குற இரும்பு ஏன் கரண்டை ஒழுக விடுது? அலுமினியத்துல அது கரையுறதே இல்லைன்னு சொல்லலாம். இரும்பு-அலுமினியச் சேர்மத் துகளா அங்கங்க உக்காந்திருக்கும். அந்தத் துகள் மேல நல்ல அலுமினா (அலுமினிய ஆக்சைடு) வளராது, எலக்ட்ரானுக்கு வழி விடற இரும்பு ஆக்சைடும் கலந்துதான் வரும். துகளைச் சுத்தி விரிசலும் விழும். மத்த இடத்துல படலம் அருமையான இன்சுலேட்டர்தான். அதனால மொத்தக் கரண்டைப் பரப்பளவால வகுத்து, அதோட மடக்கைக்கும் வோல்ட்டோட வர்க்கமூலத்துக்கும் கிராஃப் போட்டு, நேர்கோடு வந்ததும் ‘பூல்-ஃபிரெங்கெல்’னு, அதாவது படலத்துக்குள்ள சிக்கியிருக்குற எலக்ட்ரான் மின்புலத்தால விடுபட்டு ஓடுதுன்னு முடிவு கட்டாதீங்க. உலோகத்துலேர்ந்து எலக்ட்ரான் படலத்துக்குள்ள தாவுற ஷாட்கி உமிழ்வும் அதே மாதிரி நேர்கோட்டைத்தான் தரும். ரெண்டுக்கும் சாய்வுதான் வேற, ஷாட்கியோட சாய்வு பூல்-ஃபிரெங்கெல்ல பாதி. ஓட்டை வழியா ஓடற கரண்ட்டுக்கு ரெண்டு கணக்குமே பொருந்தாம போகலாம்.

ஓட்டையைக் கண்ணால பார்க்கணுமா? துண்டைக் கழுவி, 100 மில்லி டிஸ்டில்டு வாட்டர்ல 5 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைச்சு அதுல வையுங்க. இந்தத் தடவை துண்டுக்கு மைனஸ், செம்புக் கம்பிக்கு பிளஸ். பூஜ்யத்துலேர்ந்து மெதுவா ஏத்துங்க. ஒழுகுற இடத்துல மட்டும் செம்பு படியும். சிவப்புப் புள்ளி தெரிஞ்ச உடனே நிறுத்திடுங்க, விட்டா அங்க உருவாகுற காரம் படலத்தையே அரிச்சு, இல்லாத ஓட்டையையும் உண்டாக்கிடும். 10 மடங்கு லென்ஸ்ல புள்ளிகளை எண்ணிப் பாருங்க. புள்ளி எல்லாம் விளிம்பு ஓரமா வரிசை கட்டி நின்னா அது இரும்பு இல்ல, நெயில் பாலிஷ் விட்டுப்போன இடம். அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுட்டு வேற வெட்டுங்க.