அப்பா மனந்திரும்பிவிட்டேன் என்கிறார், கர்த்தர் மன்னிப்பாரா?

அடுத்த கேள்வி ஒரு சகோதரி அனுப்பியது. அப்பா 30 வருடம் குடித்து, அம்மாவை அடித்து, அம்மாவின் நகையையெல்லாம் விற்றுத் தீர்த்தவர். இப்போது உடம்பு முடியாமல் போனதும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு, கர்த்தர் என்னை மன்னித்துவிட்டார் என்று சபையில் சாட்சி சொல்கிறார். அவ்வளவு சுலபமாக மன்னித்துவிடுவாரா, அப்படியென்றால் நாங்கள் அழுததற்கு என்ன கணக்கு என்று கேட்கிறார்.

சகோதரி, உண்மையாக மனந்திரும்பியிருந்தால் மன்னிப்பார். அதை நான் சுற்றிவளைத்துச் சொல்லப் போவதில்லை. படுத்த பிறகுதானே வந்தார் என்று உங்களுக்குக் கோபம், நியாயமான கோபம்தான், ஆனால் வேதத்தில் வரும் யூதா தேசத்து ராஜா மனாசேயும் அப்படித்தான் வந்தான். 12 வயதில் ராஜாவாகி 55 வருடம் ஆண்டவன், யூதாவில் அவ்வளவு காலம் வேறு யாரும் ஆளவில்லை. தன் பிள்ளைகளையே இன்னோம் பள்ளத்தாக்கில் தீயில் கொடுத்தான், கர்த்தருடைய ஆலயத்துக்குள்ளேயே விக்கிரகத்தைக் கொண்டுபோய் வைத்தான், எருசலேம் நிரம்பும் அளவுக்குக் குற்றமில்லாத இரத்தத்தைச் சிந்தினான். கர்த்தர் பேசியபோதெல்லாம் கவனிக்கவில்லை. அசீரியர் வெண்கலச் சங்கிலியால் கட்டிப் பாபிலோனுக்குக் கொண்டுபோன பிறகுதான் கெஞ்சினான். கர்த்தரோ, இப்போது மட்டும் ஏன் வந்தாய் என்று கேட்காமல், அவன் கெஞ்சுதலுக்கு இரங்கி மறுபடியும் எருசலேமுக்கே கொண்டுவந்தார். 2 நாளாகமம் 33ஆம் அதிகாரம், வீட்டில் நிதானமாக வாசியுங்கள்.

சரி, உங்கள் கண்ணீருக்கு வருகிறேன். அதே மனாசேயைப் பற்றி இராஜாக்கள் புத்தகத்தில் வாசித்தால் அவன் மனந்திரும்பியதாக ஒரு வரி கூடக் கிடையாது. அவன் சிந்திய இரத்தத்தினிமித்தம் யூதாவின்மேல் வந்த நியாயத்தீர்ப்பு மட்டும் இருக்கிறது. எனக்கு இது பெரிய ஆறுதல், ஏனென்றால் வேதம் அவனை மன்னித்ததையும் மறைக்கவில்லை, அவனால் செத்தவர்களையும் மறந்துவிடவில்லை. அவன் மகன் ஆமோனைப் பாருங்கள், அப்பன் செய்துவைத்த விக்கிரகங்களுக்கே பலியிட்டான், அப்பன் தன்னைத் தாழ்த்தியதுபோல அவன் தாழ்த்தவே இல்லை. அப்பாவுக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது, பிள்ளைக்குள் போனது அப்படியே கிடந்தது. அதனால் உங்களுக்கு இன்னும் வலிக்கிறது என்பதற்காக உங்களுக்கு விசுவாசம் இல்லை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

அப்புறம் ஒன்று, மனாசே திரும்பி வந்து சும்மா உட்காரவில்லை. எந்த ஆலயத்தில் விக்கிரகத்தை வைத்தானோ அங்கேயிருந்தே அதை எடுத்து எறிந்தான், பலிபீடத்தைச் செப்பனிட்டான். இயேசுவைச் சந்தித்த வரிவசூலிப்பவன் சகேயுவும் அநியாயமாய் வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். உங்கள் அப்பா சபையில் சாட்சி சொல்வதில் தப்பில்லை, ஆனால் அவர் உடைத்தது வீட்டில்தானே. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்கவில்லையென்றால், நடக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, அம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து முதலில் அதைப் பேசச் சொல்லுங்கள்.