காணாமற்போன மருத்துவர்: பார்த்தவர்கள் சொன்னதும் நினைத்தவர்கள் சொன்னதும்

வணக்கம்.

ஒரு மருத்துவர், நோயுற்றிருக்கும் தம் மகளுக்காக மளிகைக் கடையில் லெட்டூஸ் கீரை வாங்குகிறார். குளிர் தொடங்கிவிட்ட நவம்பர் மாதத்தில் அந்தக் கீரை கிடைப்பதே அரிது. வாங்கியதைக் கடையிலேயே வைத்துவிட்டு, திரும்பும்போது எடுத்துக்கொள்வதாகச் சொல்லி நடக்கிறார். அவர் அந்தக் கடைக்குத் திரும்பவே இல்லை. அடுத்த ஏழு நாட்களுக்கு ஒரு நகரமே அவரைத் தேடியது. 28,000 துண்டறிக்கைகள் அச்சாகின. நகரம் தேடிய இடங்கள் பல. அவர் இருந்த இடம் அவற்றில் ஒன்றுமில்லை.

இது 1849ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்தது. அதைக் காவிரிக் கரையிலிருந்து இன்று நான் சொல்வதற்குக் காரணம், எங்கள் ஊரிலும் ஒரு மருத்துவரைக் காணவில்லை என்பதுதான்.

(திரையில்: இறக்கிவிடப்பட்ட ஷட்டர், வாசலில் காலியான மரப் பெஞ்சு.)

ஊரின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் அவருடைய வண்டி நின்றிருந்த ஆற்றின் பெயரையும் இந்த வீடியோவில் சொல்லப்போவதில்லை. தெரிந்தவர்கள் கருத்துப் பகுதியிலும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். டெல்டாவின் உட்புறத்தில் ஒரு சிற்றூர்; கடைத்தெருவில் ஒரே அறை கொண்ட கிளினிக்; மாத்திரை அட்டைப் பெட்டிகளைச் சதுரமாக வெட்டி, எண் எழுதி டோக்கனாகக் கொடுப்பார்கள். என் அம்மா ரத்த அழுத்தத்துக்காகப் பல வருடங்களாகப் போய்வந்த இடம் அது. ஒருநாள் இரவு, கடைசி நோயாளியைப் பார்த்து முடித்துவிட்டு ஸ்கூட்டரில் புறப்பட்டவர் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. மறுநாள் காலை ஒரு படித்துறையின் அருகே வண்டி நின்றிருந்தது. சாவி வண்டியிலேயே இருந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடையை எட்டியிருந்த நாட்கள் அவை. தீயணைப்புத் துறையினர் ஆற்றுத் தண்ணீரைத் தடுத்துப் பிரித்துவிடும் அடுத்த ரெகுலேட்டர் வரை தேடினார்கள். எதுவும் கிடைக்கவில்லை. இன்றுவரை தெரிந்தது இவ்வளவுதான்.

இரண்டாம் நாள் மாலைக்குள் ஊரில் இதற்கு ஆறு விளக்கங்கள் உலவின. கந்துவட்டிக் கடன் என்றார்கள். மகனுக்கு மருத்துவ சீட் வாங்கக் கொடுத்த பணம் என்றார்கள். கிட்னி விற்பவர்களோடு தொடர்பு என்றார்கள். ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார்கள்; அந்தப் பெண்ணுக்குக் கணவரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர் வேறெங்கும் போகாமல் அதே தெருவில்தான் குடியிருக்கிறார். இவை எல்லாம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளாகச் சுற்றின. ஒவ்வொரு பதிவும் நம்பத்தகுந்த இடத்திலிருந்து கிடைத்த தகவல் என்றே தொடங்கியது. ஆனால் அந்த இடம் எது என்பதை எந்தப் பதிவும் சொல்லவில்லை.

நான் முன்பு எடுத்திருந்த, அந்த கிளினிக்கைப் பற்றிய நான்கு நிமிட வீடியோவிலிருந்து அவர் சிரிக்கும் காட்சியை மட்டும் வெட்டி, முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டமிட்டு, 'இந்தச் சிரிப்புக்குப் பின்னால்' என்ற தலைப்போடு ஒரு சேனல் வெளியிட்டது. என் கேமராவைப் பார்த்து, என்னை நம்பிச் சிரித்த சிரிப்பு அது. அதை நீக்கச் சொல்லி நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வியாபாரியோ ஆசிரியரோ காணாமற்போனால் இவ்வளவு கதைகள் பிறப்பதில்லை. மருத்துவர் என்றால் ஏன் பிறக்கின்றன என்று பல நாட்கள் யோசித்தேன். ஊரில் ஒவ்வொருவரும், வேறு யாரிடமும் சொல்லாத ஏதோ ஒன்றை அவரிடம் சொல்லியிருப்பார்கள். யாருக்குக் கரு கலைந்தது, யாருக்குச் சர்க்கரை ஏறியது, யார் குடியை விட முடியாமல் தவிக்கிறார், எந்த வீட்டில் பெண்ணுக்குக் காயம் 'வழுக்கி விழுந்ததால்' ஆனது என்பதெல்லாம் அந்த ஓர் அறைக்குள் சேர்ந்து கிடக்கிறது. அவ்வளவும் அறிந்த மனிதர் திடீரென்று இல்லாமற்போகும்போது, அவரவர் தம்முடைய பயத்தை எடுத்து அவர்மேல் போர்த்துகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கடனில் இருப்பவர் கடன் என்கிறார். பிள்ளைக்கு சீட் தேடி அலைந்தவர் சீட் என்கிறார்.

இப்போது பாஸ்டனுக்குப் போவோம். இந்தப் பகுதி சற்று நீளும். பொறுமையாகக் கேளுங்கள்; இந்த வீடியோவை நான் எடுத்ததே இதற்காகத்தான்.

(திரையில்: குதிரை வண்டிகள் ஓடும் பழைய நகரத் தெருவின் கோட்டோவியம்.)

அவர் பெயர் ஜார்ஜ் பார்க்மன். மருத்துவம் படித்தவர், மனநோயாளிகளை மனிதர்களாக நடத்த வேண்டும் என்று அக்காலத்திலேயே அக்கறை காட்டியவர், பெருஞ்செல்வர். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் புதிய கட்டடத்துக்கு நிலம் கொடுத்தவரும் அவரே. ஒல்லியான உருவம், முன்னே நீண்ட தாடை; வாடகையும் கடனும் வசூலிக்கத் தினமும் நடந்தே போவார் என்பதால் நகரத்தில் அவரை அறியாதவர் இல்லை. 1849 நவம்பர் 23, வெள்ளிக்கிழமை பிற்பகல், அவர் அந்தக் கல்லூரிக் கட்டடத்தை நோக்கி நடந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதன்பின் காணவில்லை.

குடும்பம் 3,000 டாலர் பரிசு அறிவித்தது. நான் முதலில் சொன்ன 28,000 துண்டறிக்கைகள் அப்போது அச்சானவைதாம். ஆற்றிலும் துறைமுகத்திலும் கொக்கி போட்டு இழுத்துத் தேடினார்கள். கையெழுத்தில்லாத கடிதங்கள் குவிந்தன. நகரத்தின் சந்தேகமோ, பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஏழைகளின் மேல்தான் முதலில் விழுந்தது. ஐரிஷ்காரர் ஒருவர் பாலத்தில் ஒரு சென்ட் சுங்கம் கட்ட 20 டாலர் நோட்டை நீட்டினார் என்பதே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. ஏழையின் கையில் பெரிய நோட்டு இருந்தால் அது திருடியதாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிய மனத்தை, எங்கள் ஊர்க் குரல் பதிவுகளிலும் நான் கேட்டிருக்கிறேன்.

கல்லூரியில் ஜான் வெப்ஸ்டர் என்ற வேதியியல் பேராசிரியர் இருந்தார். பார்க்மனிடம் கடன் பட்டவர். வெள்ளிக்கிழமை பார்க்மன் தம்மிடம் வந்ததாகவும், தாம் 483 டாலரைக் கொடுத்துவிட்டதாகவும் அவரே ஞாயிற்றுக்கிழமை பார்க்மன் குடும்பத்தாரிடம் போய்ச் சொன்னார். காவலர்கள் அவருடைய ஆய்வகத்தையும் பார்த்தார்கள், ஆனால் மேலோட்டமாகத்தான். மரியாதைக்குரிய பேராசிரியரின் அறையை யார் கிளறிப் பார்ப்பார்கள்?

அந்தக் கட்டடத்தில் எஃப்ரயிம் லிட்டில்ஃபீல்டு என்றொரு துப்புரவுப் பணியாளர் மனைவியோடு குடியிருந்தார். அவர்மேலும் சிலர் சந்தேகத்தைத் திருப்பினார்கள். எந்தத் துண்டறிக்கையிலும் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. வெப்ஸ்டரின் அறைக் கதவு வழக்கத்துக்கு மாறாகப் பூட்டியிருந்ததைக் கண்டார். உள்ளே உலை எரியும் இடத்துக்குப் பின்புறச் சுவரில் கை வைத்தபோது அது சுட்டது. ஒருபோதும் எதுவும் தராத பேராசிரியர், 'தேங்க்ஸ்கிவிங்' என்னும் நன்றித் திருநாளுக்கென்று அவருக்கு ஒரு வான்கோழி வாங்கிக் கொடுத்தார். பூட்டிய கதவும் சுட்ட சுவரும் வந்துசேர்ந்த வான்கோழியும் அவர் யூகித்தவை அல்ல. கண்ணால் கண்டவை, கையால் தொட்டவை. நவம்பர் 29ஆம் தேதி, ஊரெல்லாம் திருநாள் கொண்டாடும்போது, மனைவியைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, ஆய்வகக் கழிப்பறைக்குக் கீழே இருந்த செங்கல் அறையின் சுவரை இடிக்கத் தொடங்கினார். மறுநாள் சுவர் துளைபட்டது. உள்ளே மனித உடலின் பாகங்கள் கிடந்தன.

இதற்கடுத்த செய்தியை முதன்முதல் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆய்வக உலையின் சாம்பலில் பொய்ப் பல் தொகுதியின் துண்டுகள் கிடைத்தன. அவற்றைப் பார்த்ததும் நேதன் கீப் என்ற பல் மருத்துவர், தாம் பார்க்மனுக்குச் செய்து கொடுத்த பற்கள் என்று அடையாளம் காட்டினார். அந்த நீண்ட தாடையின் அச்சு அவரிடம் இருந்தது, துண்டுகள் அதில் பொருந்தின. அந்தப் பற்கள் எப்போது செய்யப்பட்டவை தெரியுமா? 1846இல், அதே மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தின் திறப்பு விழாவுக்குள் வேண்டும் என்று பார்க்மன் அவசரப்படுத்தி வாங்கியவை. எந்தக் கட்டடத்தின் திறப்பு விழாவுக்காக அவற்றை அணிந்தாரோ, அதே கட்டடத்தின் உலையில் அவை கிடந்தன.

1850 மார்ச்சில் நடந்த விசாரணையைப் பார்க்க, பத்து நிமிடத்துக்கு ஒரு கூட்டமாக உள்ளே விட்டதில், சுமார் 60,000 பேர் வந்தார்கள். வெப்ஸ்டர் குற்றவாளி என்று தீர்ப்பானது. பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். ஆகஸ்ட் 30 அன்று தூக்கிலிடப்பட்டார்.

அந்த ஒரு வாரம் முழுவதும் நகரம் பேசிய பேச்சில் பார்க்மனைக் கண்டுபிடிக்க உதவியது ஒரு வார்த்தைகூட இல்லை. ஊகம் வெறும் பொழுதுபோக்கு, அதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ஊகம் தேடுபவர்களின் கண்ணைத் தவறான திசையில் திருப்புகிறது. பார்த்தவர்களின் வாயையும் அடைக்கிறது. எங்கள் ஊரில் அன்றிரவு படித்துறைப் பக்கம் போனவர் ஒருவராவது இருப்பார். தம் பெயரும் மறுநாள் குரல் பதிவில் வரும் என்று தெரிந்தபின் அவர் காவல் நிலையப் படி ஏறுவாரா? இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். மருத்துவர் ஏதோ ஒரு மனவேதனையில் தாமாகவே எங்கோ போயிருந்தால், எந்த ஊரிலிருந்தாவது கைப்பேசியில் இவற்றையெல்லாம் பார்த்தால், திரும்பி வரும் வழியை நாமே அல்லவா அடைத்துவிட்டோம்?

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. உடனே போகலாம், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்தியடையாமல் முதல் தகவல் அறிக்கை கேட்கலாம். யாரேனும் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருப்பதாக ஐயம் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். நம் டெல்டாவில் இதில் ஒரு சிக்கல் உண்டு: தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்குச் சென்னை. கும்பகோணத்தில் இருப்பவர் தெற்கே போக வேண்டும், பக்கத்து மயிலாடுதுறையில் இருப்பவர் வடக்கே போக வேண்டும். கொள்ளிடத்தின் இக்கரை ஒரு மாவட்டம், அக்கரை இன்னொரு மாவட்டம்; ஆறு எதையும் எல்லை பார்த்துக் கொண்டுபோவதில்லை என்பதால், இரு கரைக் காவல் நிலையங்களிலும் காணாமற்போனவரின் படம் இருக்கிறதா என்று குடும்பத்தார் நேரில் கேட்டுவிடுவது நல்லது. ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான், பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தின் 111ஆம் பிரிவும், ஒருவர் உயிருடன் இருக்கிறார் என்று நிரூபிக்கும் பொறுப்பை அப்படிச் சொல்பவர்மேல் வைக்கின்றன. அதுவரை காப்பீடு முதல் வங்கிக் கணக்கு வரை பலவும் அந்தரத்தில் நிற்கும். ஏழு ஆண்டு காத்திருக்கும் ஒரு குடும்பத்தின் காதில் ஏழு நாளில் முடிவு சொல்கிறோம் நாம்.

பரப்புவது மட்டும்தானே என்று நினைப்பவர்களுக்கு 2018ஆம் ஆண்டை நினைவூட்டுகிறேன். பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றார்கள். அவர் அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார், அவ்வளவுதான்.

சென்ற மாதம் அந்த கிளினிக்கின் கம்பவுண்டர், நோயாளிகளின் நோட்டுகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். "தம்பி, இனி இதை இங்கே வைத்திருந்து என்ன செய்ய, அம்மாவுக்கு வேறு டாக்டரிடம் காட்ட வேண்டுமே" என்று சொல்லி அம்மாவின் நோட்டை நீட்டினார். கடைசிப் பக்கத்தில், மருத்துவர் காணாமற்போன அன்றைய தேதியில், மாத்திரையின் பெயருக்குக் கீழே, அடுத்துப் பதினைந்து நாள் கழித்து வரவும் என்று அவர் கையெழுத்தில் இருந்தது. உப்பு என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடுகள் போட்டிருந்தார்.

அதைப் பார்த்ததும் என் மனத்தில் எழுந்ததை இங்கே சொல்லமாட்டேன். நோட்டை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். நிலைய எழுத்தர் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு, அன்று அம்மா எத்தனை மணிக்கு கிளினிக்கிலிருந்து வெளியே வந்தார் என்று மட்டும் கேட்டார். அம்மாவை அழைத்து வந்து, அவர் நினைவில் இருந்த நேரத்தைச் சொல்லச் செய்தேன்.