முதலில் வாய்க்கால், பிறகு வாங்கு

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

போன கிழமை ஒரு பின்னேரம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாண நகரத்து ஆரியகுளத்தடிக்குப் போனேன். கரையில் இருந்த வாங்குகள் எல்லாம் நிறைந்திருந்தன. ஒன்றில் கணவனும் மனைவியுமாக இரண்டு முதியவர்கள், நடுவில் ஒரு கச்சான் சரை. பேசாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கச்சான் உடைத்துச் சாப்பிட்டார்கள். இதே கரையை நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த காலமும் உண்டு. 2021 இல் குளத்தைத் துப்புரவாக்கி நடைபாதை போட்ட பிறகுதான் சனம் இங்கே வந்து இருக்கத் தொடங்கியது. அது நல்ல வேலை. மனதாரச் சொல்கிறேன்.

பேத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "அம்மப்பா, இந்தக் குளத்துக்கு எந்தப் பைப்பால தண்ணி விடுறவை?" என்று கேட்டாள்.

அவளுக்கு ஆறு வயது. ரவுணில் பிறந்த பிள்ளை. தண்ணீர் என்றால் அவளுக்குக் குழாய்தான். ஆனால் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. குளங்களிலும் வாய்க்கால்களிலும் வேலை பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். ஒரு குளத்துக்குத் தண்ணீர் எந்த வழியால் வருகிறது என்பதைப் பெரியவர்களான நாங்களும் மறந்துகொண்டு வருகிறோம். அதனால்தான் இன்றைக்கு இதைப் பேச விரும்பினேன்.

நகரத்தைப் பராமரிக்கும் சபைக்குக் காசு எப்போதும் குறைவு. சோலைவரியும் கடை வாடகையும் எவ்வளவுக்குத்தான் காணும்? வருடக் கடைசியில் பாதீடு வரும்போது ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் கேட்பார்கள்: எங்களுக்கொரு சிறுவர் பூங்கா, ஒரு விளையாட்டுத் திடல், நடக்க ஒரு பாதை. நியாயமான கேள்விதான். இன்னொரு பக்கம், நிலத்தடி நீரைக் காக்க வேண்டும், குளங்களையும் வெள்ளவாய்க்கால்களையும் மீட்க வேண்டும் என்பார்கள். அதுவும் நியாயம். 1947 இன் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் பொதுச் சுகாதாரத்தையும் மக்களின் வசதியையும் ஒரே சபையின் கையில்தான் கொடுத்திருக்கிறது. இரண்டில் ஒன்றைக் கைவிட முடியாது. எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி.

அதற்குப் பதில் சொல்ல எங்கள் காலடி நிலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எங்களுக்கு மலையில்லை. வருடம் முழுவதும் ஓடும் ஆறில்லை. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழுகிறது. எங்களுக்கு இருப்பது சுண்ணாம்புக் கல்லும் அதன் வெடிப்புகளில் தங்கும் மழைத் தண்ணீரும்தான். அந்த நன்னீருக்குக் கீழே உப்புநீர் இருக்கிறது. நன்னீர் பாரம் குறைவு, அதனால் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அப்படியென்றால் மேலே 1 அடி இறங்கினால் என்ன நடக்கும்? காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். நிலாவரைக் கிணற்றில் இதைக் கண்ணாலேயே காணலாம்: மேல்தண்ணீர் நல்ல தண்ணீர், ஆழத்தில் எடுத்தால் சவர்.

அந்த 1 அடியைக் காப்பாற்றுவது மாரி மழை. வருடத்துக்குச் சராசரியாக 1,200 மில்லிமீற்றருக்குக் குறையாமல் பெய்கிறது, அதில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில். ஒரு பரப்புக் காணியில், அதாவது ஏறக்குறைய 250 சதுர மீற்றரில் மட்டும், வருடத்துக்கு ஏறக்குறைய 3 லட்சம் லீற்றர் விழுகிறது. 1,000 லீற்றர் தாங்கி 300. ஒரு பரப்புக்கு! அது நிலத்துக்குள் இறங்குகிறதா, சீமெந்து முற்றத்தில் வழிந்து றோட்டால் ஓடிக் கடலுக்குப் போகிறதா என்பதில்தான் எங்கள் கோடைகாலம் தங்கியிருக்கிறது.

முன்னோர் அதற்காகத்தான் ஊர் முழுக்கக் குளம் வைத்தார்கள். ஆரியகுளம், புல்லுக்குளம், நாயன்மார்கட்டுக் குளம் என்று நகரத்துக்குள்ளேயே எத்தனை. ஓடுகிற வெள்ளத்தை மறித்து, நிறுத்தி, ஆறுதலாக நிலத்துக்குள் இறக்குவதுதான் அவற்றின் வேலை. குளத்தடிக் கிணறு வற்றாது என்று அம்மா சொல்லுவா. எங்கள் வீட்டுக் கிணற்றில் துலா இருந்த காலத்தில், குளம் நிறைந்து இரண்டு மூன்று கிழமைக்குள் பட்டைக் கயிறு ஒரு முழம் குறைவாகவே இறங்கும். அதைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் மாரியை அளந்தோம்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். குளத்தை அழகுபடுத்துகிறோம் என்று தொடங்கினால், முதலில் கண்ணில் படுவது கரைதான். வாங்கு வைக்கலாம், விளக்குப் போடலாம், கல் பதிக்கலாம், படம் எடுக்கலாம். வாய்க்கால் கண்ணில் படாது. அது கடைகளுக்குப் பின்னாலும் மதில்களுக்கு அடியிலும் கிடக்கிறது. 2020 மார்கழியில் புரெவிப் புயல் மழைக்கு எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர் மூன்று நாள் நின்றது. குளம் கூப்பிடு தூரத்தில். ஆனால் தண்ணீர் அங்கே போகவில்லை. மழை விட்ட பிறகு மண்வெட்டியோடு போய் மதகைத் தோண்டிப் பார்த்தோம். பொலித்தீன் பை, யோகட் கோப்பை, ஒரு சாக்கு நிறைய உடைந்த ஓடு. அதற்கப்பால் வாய்க்காலையே காணவில்லை, மேலே ஒரு மதில் நின்றது. யார் கட்டியது என்பது இப்போது தேவையில்லை. கட்டும்போது பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

வழி அடைபட்ட குளம் ஒரு தொட்டிதான். அடியையும் பக்கங்களையும் சீமெந்தால் பூசிவிட்டால் சந்தேகமே இல்லை, தொட்டியேதான். பார்க்க அழகாக இருக்கும், கிணறுகளுக்கு ஒரு சொட்டும் போகாது.

வழியைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. அந்த வழியால் என்ன வருகிறது? சுண்ணாம்புக் கல் மணலைப்போல வடிகட்டாது. வெடிப்பால் போன தண்ணீர் அப்படியே கிணற்றுக்கு வரும். சாப்பாட்டுக் கடைக் கழிவு வாய்க்காலில் விழுந்தால் குளத்துக்கு, குளத்திலிருந்து கிணற்றுக்கு. எங்கள் வளவுகளில் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொருவரும் அடியெண்ணிப் பார்க்கலாம். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நிலத்தடி நீர் ஒருமுறை கெட்டால் குளத்தைப்போல இறைத்துக் கழுவ முடியாது.

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்துவிட்டதே, இனி ஏன் குளம் என்று சிலர் கேட்கிறார்கள். 2024 இல் திறந்தார்கள், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் அது மின்சாரத்தில் ஓடுவது. தோட்டத்துக்கு அந்தத் தண்ணீரை இறைக்க ஏலாது. எங்கள் பலாவுக்கும் மாவுக்கும் வேப்பமரத்துக்கும் குழாய் பூட்டவும் முடியாது. மரங்களின் வேருக்கு வேண்டியது அந்த 1 அடி.

இன்னொன்று. நகரத்துக்குக் குழாயால் தண்ணீர் கொடுத்த கிணறுகள் திருநெல்வேலி, கோண்டாவில் பக்கம். அவை மாநகர எல்லைக்குள் இல்லை, நல்லூர்ப் பிரதேச சபைக்குள் இருக்கின்றன. நிலத்தடி நீருக்கு எல்லைக் கல் தெரியாது. ஆகவே நீரேந்து பிரதேசத்தைக் காப்பது என்றால், பக்கத்துப் பக்கத்துச் சபைகள் ஒரே மேசையில் இருந்து பேசத்தான் வேண்டும். கட்சி எதுவாக இருந்தாலும் சரி.

அப்போ பூங்கா வேண்டாமா? வேண்டும். நான் கண்ட அளவில், சனம் நடமாடுகிற கரையில் யாரும் குப்பைப் பையை எறிவதில்லை. வெறிச்சோடிய குளத்தில்தான் இரவோடு இரவாக டிப்பர் வந்து மண் கொட்டும். கச்சான் சரையோடு இருந்த அந்த இரண்டு பேரும் தாங்கள் அறியாமலே குளத்துக்குக் காவல். ஆனபடியால் நான் சபை உறுப்பினர்களிடம் கேட்பது ஒரு வரிசை மாற்றம்தான். எந்தக் குளத்தை எடுத்தாலும், முதல் காசு அதன் வாய்க்காலை அளந்து, எல்லை போட்டு, மதகைத் திறப்பதற்கு. அடுத்தது அதில் விழும் கழிவை மறிப்பதற்கு. அதற்குப் பிறகு தூர் எடுங்கள், அடியில் சீமெந்து வேண்டாம். மிச்சக் காசில் வாங்கு வையுங்கள், நிழலுக்கு மருதும் நாவலும் நடுங்கள். வாங்கு இரண்டு வருடம் பிந்தினால் யாருக்கும் ஒன்றும் குறையாது.

பேத்திக்கு அன்று சரியான பதில் சொல்லவில்லை. "மழை வரட்டும், காட்டுறன்" என்று மட்டும் சொன்னேன். அடுத்த பெருமழைக்கு இரண்டு குடை எடுத்துக்கொண்டு, குளத்துக்குத் தண்ணீர் வரவேண்டிய அந்த வாயடியில் நாங்கள் இருவரும் நிற்போம். எவ்வளவு வருகிறது, என்ன நிறத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் வந்தால் நீங்களும் வந்து நில்லுங்கள்.

வணக்கம்.