வள்ளிக்கும்மிக்கும் தடுப்பூசிக்கும் என்னங்க சம்பந்தம்?

உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு வெற்று ஓடு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிறது. அந்த ஓட்டினை யாரும் கட்டுவதில்லை; தானாகவே கூடிக்கொள்கிறது. வணக்கமுங்க, எப்படி என்று பார்த்துவிடலாம்.

பின்னணி சுருக்கமாக: அந்தப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஹெச்பிவி வைரஸ். அதன் மேலோட்டிலுள்ள எல்1 புரதத்தை மட்டும் ஈஸ்டில் தயாரிக்கிறார்கள். அவை ஐந்தைந்தாகச் சேர்ந்து 72 கொத்துகளாகி, மொத்தம் 360 புரதங்கள் ஓர் உருண்டையாகின்றன. தடுப்பூசியில் இருக்கும் வெற்று ஓடு இதுதான். உள்ளே வைரஸின் மரபணு கிடையாது, அதனால் நோய் வராது.

[காட்சி: காங்கேயம் பக்கம் கோயில் திடல், இரவு]

இங்கே பாருங்க, வள்ளிக்கும்மி, கொங்குப் பக்கத்துக் கும்மியாட்டம். ஒரே நிறச் சேலை, காலில் சலங்கை, புழுதி. ஒருத்தர் மட்டும் கை தட்டினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? 200 பேர் ஒரே இடைவெளியில், ஒரே அடியில் கும்மி தட்டினால், டீக்கடையில் நிற்பவரும் டம்ளரை வைத்துவிட்டு வந்துவிடுகிறார்.

நம் ரத்தத்தில் இருக்கும், நோய் எதிர்ப்பு வேலை பார்க்கும் பி செல்லும் அப்படித்தான். அதன் மேல் ஏகப்பட்ட ஏற்பிகள், அதாவது வருவதைப் பிடித்துப் பார்க்கும் கொக்கிகள். தனியாக மிதந்து வரும் புரதம் ஒன்றிரண்டைத் தொட்டுவிட்டுப் போய்விடும். வரிசைகட்டி நெருக்கமாக வந்தால் பல ஏற்பிகளை ஒரே சமயத்தில் பிடித்து இழுக்கும். செல் விழித்துக்கொள்கிறது, கிருமியைப் பிடித்துத் தடுக்கும் எதிர்ப்பொருள் பெருகுகிறது. புரதம் அதேதான், நிற்கும் விதம்தான் வேறு! படித்த நாளிலிருந்து எனக்கு இந்த வியப்பு அடங்கவில்லை. கும்மிக்காவது சொல்லிக்கொடுக்க வாத்தியார் இருக்கிறார். புரதத்துக்கு அதன் வடிவமும் மின்னூட்டமும்தான் வாத்தியார்.

சரி, நாமே இப்படி ஒன்றைச் செய்ய முடியுமா? க்யூ11 என்று ஒரு பெப்டைடு, அதாவது குட்டிப் புரதச் சங்கிலி; வெறும் 11 அமினோ அமிலம். உப்புக் கரைசலில் தானாக நார் நாராகக் கோத்துக்கொள்ளும். ஜோயல் கோலியர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 2010இல் அந்த நாரில் ஒரு புரதத் துண்டைக் கட்டி எலிகளுக்குப் போட்டது. தடுப்பூசியில் வழக்கமாகச் சேர்க்கும் தூண்டுபொருள் எதுவும் இல்லாமலேயே எதிர்ப்பொருள் உண்டானது. 2022இல் தென்கொரியா அனுமதித்த ஒரு கொரோனா தடுப்பூசியோ, கணினியில் வடிவமைத்த, தானாகக் கூடும் புரத உருண்டைமேல் அமைந்தது.

நம் நாட்டில் தயாராகும் ஹெச்பிவி தடுப்பூசியான செர்வாவேக் 2023இல் வந்தது. சலங்கை கட்டப் பழகும் 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்க. அந்த வயதில் 2 ஊசி போதும். டாக்டர் என்ன சொன்னார் என்று கமெண்டில் எழுதுங்க, ஒவ்வொன்றையும் படிப்பேன்.